மொட்டை மாடியில் கராத்தே கிளாஸ்: பிள்ளைகளோடு நாங்களும் சேரலாமா?

நிலா அம்மா (கோவை) கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம்ங்க. எங்கள் அபார்ட்மென்ட் மொட்டை மாடியில் அடுத்த மாதம் முதல் கராத்தே கிளாஸ் தொடங்கப் போகிறார்கள். திங்கள், புதன், வெள்ளி, சாயங்காலம் 6 முதல் 7 வரை. மாதம் 1,000 ரூபாய், டிரெஸ் தனி. பெல்ட் டெஸ்ட்டுக்கு எவ்வளவு ஆகும் என்று மாஸ்டரிடம் கேட்டேன். "அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம் மேடம்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகுதான் இங்கே கேட்டுவிட்டுச் சேர்க்கலாம் என்று தோன்றியது.

எனக்கு இரண்டு பிள்ளைகள். பெரியவன் மூன்றாம் வகுப்பு. கை சும்மா இருக்காது. பக்கத்துப் பையனைத் தள்ளினான், பென்சிலால் குத்தினான் என்று மிஸ் டைரியில் எழுதி அனுப்பாத மாதம் இல்லை. சின்னவள் இந்த வருடம்தான் ஒன்றாம் வகுப்பு. இவள் நேர் எதிர். கடையில் ஒரு பால் பாக்கெட் கேட்கச் சொன்னால் என் பின்னால் போய் ஒளிந்துகொள்வாள். பாத்ரூம் போகணும் என்று மிஸ்ஸிடம் கேட்கக் கூச்சப்பட்டு அடக்கிக்கொண்டே வீட்டுக்கு வருகிறாள்.

"ஏற்கெனவே அடிக்கிற பையனுக்கு அடிக்கச் சொல்லிக்கொடுக்க ஆயிரம் ரூபாயா? பொம்பளப் பிள்ளை காலைத் தூக்கி உதைக்கிறதை ஊரே பார்க்கணுமா?" என்கிறார் என் மாமியார். முதல் கேள்வி எனக்கும் உண்டு. இரண்டாவதை விட்டுவிடுங்கள்.

இன்னொன்று. பெற்றோரும் சேர்ந்தால் அவர்களுக்குப் பாதி ஃபீஸ் என்கிறார் மாஸ்டர். வீட்டுக்காரர் ஐ.டி., வீட்டிலிருந்தே வேலை. சேரை விட்டு எழுந்து மாடி ஏறினாலே பெரிய விஷயம். எனக்கு 36 வயது, இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு இடுப்பு வலி. ஆசையாகவும் இருக்கிறது, நாலு பேர் பார்ப்பார்களே என்று கூச்சமாகவும் இருக்கிறது. குடும்பமாகச் சேர்ந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்களேன்.

ஈரோடு எக்ஸ்பிரஸ்:

யோசிக்கவே வேண்டாம்ங்க, சேர்த்துவிடுங்க. என் அக்கா பையன் பிரவுன் பெல்ட். தைரியம் வரும், டிசிப்ளின் வரும், படிப்பும் தானா வரும்.

மலைக்கோட்டைக்காரி (திருச்சி):

நிலா அம்மா, ஒரே வரியில் பதில் சொல்கிறவர்களை நம்பிப் பணம் கட்டாதீர்கள் (ஈரோட்டுத் தம்பி கோபித்துக்கொள்ள வேண்டாம்). எது வருகிறது, எது வரவில்லை என்று எங்கள் வீட்டில் பார்த்ததைச் சொல்கிறேன். நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் மூன்று பேரும் ஒரே கிளாஸ். மகள் ஏழாம் வகுப்பு, பச்சை பெல்ட். அவள் அப்பாவுக்கு அதற்குக் கீழே ஆரஞ்சு. எனக்கு அதற்கும் கீழே மஞ்சள். அவர் எலெக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறார், நான் கூட்டுறவு வங்கியில் கேஷியர். மகள் சேர்ந்து ரொம்ப நாள் கழித்துத்தான் நாங்கள் சேர்ந்தோம். அதுவரை மற்ற அம்மாக்களோடு படிக்கட்டில் உட்கார்ந்து போனைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

கிளாஸில் வரிசையாக நிற்பது வயதைப் பார்த்து அல்ல, பெல்ட்டைப் பார்த்து. ஆகவே மகள் முன்னால், அவள் அப்பா நடுவில், நான் கடைசிக்கு முந்தி. எனக்கு அடுத்து ஒரு யு.கே.ஜி. பையன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிற்பான். வார்ம்-அப்பை சீனியர் பெல்ட் பிள்ளைகள் முறை வைத்து எடுப்பார்கள். "இச், நி, சான், ஷி" என்று மகள் ஜப்பானிய மொழியில் எண்ண, கடையில் நாலு பேரை அதட்டி வேலை வாங்குகிற மனிதர் அந்த எண்ணுக்குக் குத்து விடுவார். முன்காலை மடக்கி, பின்காலை நீட்டி நிற்கிற நிலை ஒன்று உண்டு, ஜென்குட்சு-டாச்சி. பார்க்கச் சுலபம். ஆனால் குத்தும்போது பின் முழங்கால் தானாக மடங்கிவிடும். "அப்பா, பின்னங்கால்" என்பாள். நிமிர்த்துவார். அடுத்த குத்தில் மறுபடி மடங்கும். "அப்பா, பின்னங்கால்." அதே குரல், எரிச்சலே இருக்காது. மாஸ்டர் அவளுக்கு எப்படிச் சொன்னாரோ அப்படியே அவள் அப்பாவுக்குச் சொல்கிறாள்.

இதே மனிதர் வகுத்தல் கணக்கில் அவள் இரண்டாம் முறை தப்பு செய்தால் நோட்டைத் தூக்கி எறிந்தவர். இப்போது எறிவதில்லை. யாரும் அவருக்கு உபதேசம் செய்யவில்லை. தெரியாத ஒன்றை உடம்பால் கற்றுக்கொள்ள எவ்வளவு நாள் பிடிக்கிறது என்று அவருக்கே தெரிந்துவிட்டது, அவ்வளவுதான். பெற்றோருக்குப் பாதி ஃபீஸ் என்றால் நான் முதலில் சேரச் சொல்வது உங்கள் வீட்டுக்காரரைத்தான்.

சரி, பையன் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் கிளாஸில் இதே மாதிரி ஒருவன் இருந்தான், எதற்கெடுத்தாலும் கை நீட்டுகிறவன். மாஸ்டர் அவனைத் திட்டவில்லை. தினசரிக் காலண்டரில் கிழித்த தாள் ஒன்றை நூலில் கட்டி அவன் மூக்கு உயரத்துக்குத் தொங்கவிட்டார். குத்து முழு வேகத்தில் வர வேண்டும், அந்தக் காற்றில் தாள் ஆட வேண்டும், கை மட்டும் படக் கூடாது. முதல் நாள் ராகுகாலம், எமகண்டம் எல்லாம் கிழிந்து தொங்கின. பயந்து மெதுவாகக் குத்தினால் தாள் ஆடாது, வேகமாகக் குத்தினால் கிழியும். தோள், முழங்கை, மணிக்கட்டு மூன்றும் ஒரே நேரத்தில் நிற்க வேண்டும், அது சும்மா வராது. பல வாரம் கழித்துத் தாள் கிழியாமல் படபடவென்று அடித்துக்கொண்டது. அதற்கப்புறம்தான் தாள் இருந்த இடத்தில் இன்னொரு பையனை நிற்க வைத்தார். மூக்குக்கு ஒரு விரல் முன்னால் குத்து வந்து நின்றது. எதிரே நின்றவன் அசையவில்லை. தன்னை நம்பி ஒருவன் அப்படி நிற்பதை அந்தப் பையன் அதற்கு முன் பார்த்திருக்க மாட்டான்.

அவன் இப்போது யாரையும் தள்ளுவதே இல்லை என்று சொன்னால் பொய். குறைந்திருக்கிறது. ஆனால் ஒன்று: இதெல்லாம் மாஸ்டரைப் பொறுத்தது. "அடி வாங்கிட்டு வராதே, கொடுத்துட்டு வா" என்று பேசுகிற மாஸ்டரிடம் விட்டால் உங்கள் மாமியார் சொன்னதுதான் நடக்கும்.

சின்னவள். என் மகளும் அப்படித்தான் இருந்தாள். குத்தோடு சேர்த்துக் குரல் கொடுப்பதைக் 'கியாய்' என்பார்கள். எல்லாப் பிள்ளைகளும் மாடி அதிரக் கத்தும்போது இவளுக்கு உதடு மட்டும் அசையும். மாஸ்டர் தனியாக நிற்க வைத்துக் "கத்து, கத்து" என்று அவமானப்படுத்தவில்லை. முதலில் மொத்த வரிசையும் சேர்ந்து கத்தியது. சில வாரம் கழித்துப் பாதி வரிசை. அப்புறம் நாலு பேர், அப்புறம் இரண்டு பேர். அந்த இரண்டு பேரில் ஒருத்தியாக நிற்கும்போது அவளுக்குக் குரல் வந்துவிட்டது. தன் குரலைத் தானே கேட்டு ஒரு நொடி திகைத்துப் பார்த்தாள். கீழ்வீட்டு மாமா என்னமோ ஏதோ என்று மேலே ஓடி வந்துவிட்டார்.

ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன். பாத்ரூமை அடக்குவதற்குக் கராத்தேயை எதிர்பார்த்துக் காத்திருக்காதீர்கள். நாளைக்கே மிஸ்ஸிடம் போய்ப் பேசுங்கள்.

சண்டைக் கலை பிள்ளைகளுக்கு எதற்கு என்று வீட்டில் கேட்டால் சொல்ல ஒரு கதை இருக்கிறது. நாம் இன்று பார்க்கிற கராத்தேக்கு இந்த வடிவம் வந்ததே பள்ளிக்கூடத்தில்தான். ஜப்பானின் ஒகினாவா தீவில் இதோசு அன்கோ என்ற ஆசான் 1901 வாக்கில் பள்ளிப் பிள்ளைகளுக்கு உடற்பயிற்சியாக இதைக் கொண்டுவந்தார். பழைய கட்டாக்கள் (குத்து, தடுப்பு, அடி எல்லாம் வரிசை மாறாமல் தனியாகச் செய்கிற பயிற்சி) பிள்ளைகளுக்குக் கஷ்டம் என்று 'பினான்' என ஐந்து எளிய கட்டாக்களை அமைத்தார். அவரிடம் படித்த ஃபுனாகோஷி கிச்சின் 1922-இல் இந்தக் கலையை டோக்கியோவுக்குக் கொண்டுபோனார். அவரும் தொழிலால் பள்ளி ஆசிரியர்தான். ஃபுனாகோஷி வழி வந்த ஷோடோகான் என்கிற கராத்தே பிரிவின் கிளாஸ்களில் அதே ஐந்தும் 'ஹெய்யான்' என்ற பெயரில் இன்றும் இருக்கின்றன. உங்கள் கிளாஸ் ஷோடோகான் என்றால் உங்கள் பிள்ளைகள் முதலில் படிக்கப் போவது பெரும்பாலும் ஹெய்யான் ஷோடான், 21 அசைவு.

அந்தக் கட்டாவில் ஒரு அழகு உண்டு. அடிகளைச் சரியாக வைத்தால் தொடங்கிய இடத்திலேயே வந்து முடியும். எங்கள் ஹாலில் சோபாவைத் தள்ளிவிட்டு, ஒரு டைல்ஸைக் குறித்துக்கொண்டு மகள் செய்து பார்ப்பாள். முதலில் ஒன்றரை டைல்ஸ் தள்ளிப்போய் முடியும். எந்த அடி குட்டையாகப் போயிற்று என்று அவளே பின்னோக்கி யோசிப்பாள். யாரும் பேனா எடுத்துச் சுழிக்கவில்லை, தரை காட்டிக்கொடுத்துவிடுகிறது. படிப்பு தானாக வருமா என்றால், வராது. மார்க் அப்படியேதான் இருக்கிறது. தப்பைத் தேடும்போது அழுவது நின்றிருக்கிறது.

வராதவற்றையும் சொல்கிறேன். ஆறு மாதம் கராத்தே படித்த பெண் பிள்ளை ஒரு முழு ஆளை அடித்துப் போட்டுவிடுவாள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எங்கள் மாஸ்டர் சொல்லிக்கொடுப்பது: கத்து, கையை உதறு, ஆள் இருக்கிற பக்கம் ஓடு, வீட்டில் சொல். குழந்தைகள் உதவி எண் 1098-ஐயும் பெண்கள் உதவி எண் 181-ஐயும் மனப்பாடம் செய்ய வைத்திருக்கிறார். அது போதும். உடம்பு விஷயத்திலும் இதையே முழுக்க நம்ப முடியாது. 5 முதல் 17 வயதுப் பிள்ளைகள் தினமும் சராசரி 60 நிமிடம் நன்றாக உடம்பை அசைக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வாரம் மூன்று மணி நேர கிளாஸ் அதில் பாதிகூட ஆகாது. மீதி நாளில் சைக்கிளோ ஓடிப்பிடித்து விளையாட்டோ இருக்கட்டும்.

பெண் பிள்ளைகளுக்கு இன்னொரு விஷயம், உங்களுக்கு இப்போது தேவைப்படாது, தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் பெண் பிள்ளைகள் கொத்தாக நின்றுவிடுவார்கள். டிரெஸ் வெள்ளை பேன்ட், அதுதான் பாதிக் காரணம், வெளியே சொல்ல மாட்டார்கள். உள்ளே கறுப்பு ஷார்ட்ஸ் போட்டால் சரியாகிவிடும். ஆனால் அதைச் சொல்ல கிளாஸில் ஒரு அக்கா இருக்க வேண்டும். பெண் சீனியரோ பெண் மாஸ்டரோ இருக்கிறாரா என்று இப்போதே கேளுங்கள். நான் சேர்ந்த பிறகு எங்கள் கிளாஸில் அந்த அக்கா நான்தான். மஞ்சள் பெல்ட்டாக இருந்தால் என்ன?

உங்கள் இடுப்பு வலியை முதலில் ஒரு பிசியோதெரபிஸ்ட்டிடம் காட்டிவிடுங்கள். எதைச் செய்யலாம், எதை விடலாம் என்று கேட்டு மாஸ்டரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். நான் முட்டி காரணமாகக் குதிக்கிற பயிற்சி எதையும் செய்வதில்லை, யாரும் ஒன்றும் சொல்வதில்லை. நாலு பேர் பார்ப்பார்கள்தான். முதல் வாரம் பார்ப்பார்கள், அப்புறம் அவர்களுக்கு சீரியல் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் டோக்கியோ ஒலிம்பிக்கில் பெண்கள் கட்டாவில் தங்கம் வாங்கிய ஸ்பெயின் வீராங்கனை சாண்ட்ரா சான்செஸுக்கு அப்போது வயது 39. அவர் சின்ன வயதிலிருந்து பழகியவர், நாம் கிட்டே போக முடியாது. மாமியாரிடம் சொல்ல உதவும், அதற்காகச் சொன்னேன்.

தாமிரபரணி (திருநெல்வேலி):

எல்லாம் சரி. நம்ம ஊரிலேயே சிலம்பம் இருக்கும்போது ஜப்பான்காரன் கலைக்கு எதுக்கு ஆயிரம் ரூபாய்? வரிசை, அடிமுறை, குரல், காலடி எல்லாம் இதிலும் உண்டு. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில் சிலம்பத்தைக் காட்சி விளையாட்டாகச் சேர்த்தார்கள். வெள்ளை டிரெஸ்ஸும் வேண்டாம், பெல்ட்டும் வேண்டாம். ஒரு கம்பு போதும்.

மலைக்கோட்டைக்காரி:

அண்ணாச்சி, சிலம்பத்தை யார் வேண்டாம் என்றார்கள்? நிலா அம்மா வீட்டுப் பக்கத்தில் நல்ல ஆசான் இருந்தால் தாராளமாக அங்கேயே போகட்டும். ஆனால் பென்சிலால் குத்துகிற பையன் கையில் முதல் நாளே கம்பைக் கொடுக்கச் சொல்கிறீர்களே, அதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.

தாமிரபரணி:

முதல் நாளே யாரும் கம்பு கொடுக்க மாட்டாங்க தாயி. முதலில் கம்பில்லாமல் காலடிப் பாடம்தான்.

குமரி மாஸ்டர் (நாகர்கோவில்):

நான் இருபது வருடத்துக்கு மேலாகக் கராத்தே சொல்லிக்கொடுக்கிறேன். திருச்சி சகோதரி சொன்னதில் மறுக்க எதுவும் இல்லை. அந்த மாஸ்டரின் சிரிப்பைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

பெல்ட் டெஸ்ட் கணக்கைச் சேரும் முன்பே வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வெள்ளையிலிருந்து கறுப்பு வரை எத்தனை படி, ஒவ்வொரு படிக்கும் குறைந்தது எத்தனை மாதம், எவ்வளவு ஃபீஸ். கேட்டால் கோபப்படுகிறவரிடம் சேர்க்க வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை டெஸ்ட் வைப்பது தப்பில்லை. எழுதிய அத்தனை பேரும் எப்போதும் பாஸ் என்றால் அதற்கு வசூல் என்று பெயர். என்னிடம் பிள்ளைகள் பெயில் ஆவது உண்டு. போன முறை ஒரு பிள்ளைக்குக் கட்டா எல்லாம் சரி, ஆனால் திரும்பும்போது தலையைத் திருப்பிப் பார்க்காமலே திரும்பினாள். யார் நிற்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் திரும்ப வேண்டும். அதைச் சொல்லி அடுத்த மாதம் வரச் சொன்னேன். அவள் அம்மா என்னோடு சண்டைக்கு வந்தார், அந்தப் பிள்ளை சண்டை போடவில்லை.

பெல்ட் மேல் மயக்கம் வேண்டாம். அந்த முறையே ஜூடோவிலிருந்து வந்தது. ஃபுனாகோஷி முதன்முதலாகக் கறுப்பு பெல்ட் கொடுத்தது 1924-இல். அதற்கு முன்னாலும் கராத்தே இருந்தது.

ஷோடோகானா, கோஜு-ரியுவா, ஷிடோ-ரியுவா, வாடோ-ரியுவா என்று அலசாதீர்கள். பத்து வயதுக்குள் எல்லாம் ஒன்றுதான். கிளாஸை உட்கார்ந்து பார்க்க விடுகிறாரா என்று பாருங்கள். "பேரன்ட்ஸ் இருந்தா பசங்க கவனம் சிதறும்" என்று மாடிக் கதவைச் சாத்துகிற இடம் வேண்டாம். பிள்ளையின் கையையோ காலையோ பிடித்துத் திருத்துவதற்கு முன் கேட்கிறாரா என்றும் கவனியுங்கள்.

மொட்டை மாடி என்றீர்கள். கைப்பிடிச் சுவர் உங்கள் பையன் நெஞ்சுக்கு மேல் இருக்க வேண்டும். பங்குனி, சித்திரையில் ஆறு மணிக்குக்கூட சிமென்ட் தளம் சுடும். ரப்பர் மேட் போடச் சொல்லுங்கள். டிஷ் ஆன்டெனா வயர் காலில் மாட்டும். இதெல்லாம் மாஸ்டர் பார்ப்பார் என்று விட்டுவிடாதீர்கள்.

ஆண்டு விழாவில் ஓடுகளை அடுக்கிப் பெட்ரோல் ஊற்றிக் கொளுத்தி உடைக்க வைப்பது, கை மேல் பைக் ஏற்றுவது, தார் ரோட்டில் கை முஷ்டியை மடக்கி ஊன்றித் தண்டால் எடுக்க வைப்பது, சாதனை நிகழ்ச்சி என்று வெயிலில் மணிக்கணக்கில் நிற்க வைப்பது: இதில் எது இருந்தாலும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். வளர்கிற பிள்ளையின் எலும்பு முனையில் வளர்ச்சித் தட்டு இன்னும் மூடியிருக்காது. அதில் அடி பட்டால் எலும்பு வளர்வதே பாதிக்கலாம். கைதட்டு ஐந்து நிமிடம்.

ஸ்பாரிங் (இரண்டு பேர் எதிரெதிரே நின்று மோதிப் பழகுவது) பற்றியும் கேட்பீர்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பு 2016-இல் தற்காப்புக் கலைகள் பற்றி வெளியிட்ட அறிக்கை, ஆள் மேல் படாத பயிற்சிதான் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பானது என்கிறது. தலைக்கவசம் மூளை அதிர்ச்சியைத் தடுத்துவிடும் என்று நம்பிவிடக் கூடாது என்றும் சொல்கிறது. உங்கள் பையனுக்கு முதல் வருடம் ஸ்பாரிங்கே வேண்டாம். கட்டாவும், ஒருவர் பிடிக்கிற பேட் எனும் மெத்தையில் அடிப்பதும் போதும்.

அப்புறம், "ஒலிம்பிக் போகலாம்" என்று ஆசை காட்டினால் சிரித்துவிட்டு வாருங்கள். டோக்கியோவில் ஒருமுறை இருந்தது. 2024 பாரிஸில் இல்லை, 2028 லாஸ் ஏஞ்சலஸிலும் இல்லை. ஆசிய விளையாட்டில் உண்டு, இந்தியப் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பின் போட்டிகளிலும் உண்டு. எந்தப் போட்டியின் சான்றிதழ் எதற்குச் செல்லும் என்று உங்கள் மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் கேளுங்கள். மாஸ்டரிடம் கேட்காதீர்கள், என்னைப் போன்ற மாஸ்டராக இருந்தாலும்.

பெரம்பூர் அப்பா (சென்னை):

எதிர்ப்பக்கமும் ஒன்று இருக்கட்டும். என் பையனைப் பத்து வயதில் ஒரு கிளாஸில் சேர்த்தோம். பெயர் வேண்டாம். மாதத்துக்கு ஒரு 'சாம்பியன்ஷிப்', கல்யாண மண்டபத்தில். என்ட்ரி ஃபீஸ் கட்டிய எல்லாப் பிள்ளைக்கும் கப். ஒரு பிரிவில் மூன்றே பேர், மூவருக்கும் மெடல். "நான் யாரையும் ஜெயிக்கவே இல்லையே, எதுக்குப்பா கப்?" என்று அவனே கேட்டான். அப்புறம் அவன் போக மறுத்துவிட்டான், நாங்களும் வற்புறுத்தவில்லை. இப்போது கிரவுண்டில் ஃபுட்பால் ஆடுகிறான், மண்ணோடு வருகிறான், நன்றாகச் சாப்பிடுகிறான். நீங்கள் சொல்கிற எல்லா நன்மையும் ஃபுட்பாலிலும் கிடைக்கிறது. கராத்தேதான் வேண்டும் என்று இல்லை என்பது என் கட்சி.

நிலா அம்மா:

எல்லோருக்கும் ரொம்ப நன்றிங்க. பள்ளியில் மிஸ்ஸிடம் பேசிவிட்டேன் அக்கா. இனி இடைவேளையில் ஆயாம்மாவே கூப்பிட்டுப் போவார்களாம்.

நேற்று ட்ரையல் கிளாஸ் நடந்தது. குமரி மாஸ்டர் சொன்ன மாதிரி பெல்ட் கணக்கை வாட்ஸ்அப்பில் கேட்டேன். இரண்டு நாள் பதிலே இல்லை. விடாமல் மறுபடி கேட்ட பிறகு பட்டியல் வந்தது, மஞ்சளுக்கு 600, மேலே போகப் போகக் கூடுகிறது. உட்கார்ந்து பார்க்கலாமா என்றதற்கு உடனே சரி என்றார். மேட் கிடையாது. அசோசியேஷனில் பேசி வாங்கலாம் என்று மூன்று வீட்டில் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். பெண் மாஸ்டர் இல்லை, ஆனால் காலேஜ் படிக்கிற ஒரு பெண் பிரவுன் பெல்ட், வாரம் இரண்டு நாள் வருவாளாம்.

பையன் குஷியாக இருக்கிறான், அதுதான் கவலை. சின்னவள் ஓரமாக நின்று பார்த்தாள், அவ்வளவுதான். வீட்டுக்காரர் "நீ சேர், நான் பார்க்கிறேன்" என்கிறார். மாமியார் மாடிக்கு வந்து சேர் போட்டு உட்கார்ந்து முழு கிளாஸையும் பார்த்தார். கீழே வந்ததும், "அந்தப் பையன் சரியாவே கும்பிடலை" என்று யாரோ ஒரு பையனைக் குறை சொன்னார். இதை என்னவென்று எடுத்துக்கொள்வது?

அக்கா, பெரம்பூர் அண்ணா சொல்வதற்கு நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? டிரெஸ் எந்த சைஸ் வாங்குவது என்றும் சொல்லுங்கள்.

மலைக்கோட்டைக்காரி:

மாமியார் ஒரே நாளில் ரூல்ஸ் பேச ஆரம்பித்துவிட்டார் என்றால் அடுத்த வாரம் அவருக்கு முன்வரிசை சேர் போட்டுவிடுங்கள். கிளாஸை ஒருவர் விடாமல் உட்கார்ந்து பார்ப்பதும் நல்ல பாதுகாப்பு.

பெரம்பூர்க்காரர் சொல்வதில் பெரும்பகுதி சரி. பையனுக்கு ஃபுட்பால் பிடித்தால் அதுதான் அவனுக்கு நல்லது. கராத்தே பக்கம் நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். டீமில் எடுக்கவில்லை, ரிசர்வில் உட்கார வைத்தார்கள் என்பது இங்கே கிடையாது. குண்டான பிள்ளை, ஒல்லிப் பிள்ளை, கண்ணாடி போட்ட பிள்ளை, எல்லோரும் அந்த ஒரு மணி நேரமும் அசைந்துகொண்டே இருக்கிறார்கள். என் மகளை எந்த விளையாட்டுக்கும் பி.டி. பீரியடில் கூப்பிட்டதில்லை. அதனால் எங்களுக்கு இது பொருந்தியது. அதே போல, அறுபது வயது ஆளும் ஆறு வயதுப் பிள்ளையும் ஒரே வரிசையில் நின்று ஒரே கட்டாவைச் செய்ய முடிகிறது. ஃபுட்பாலில் நான் என் மகளோடு ஓட முடியாது.

சின்னவளை இப்போதைக்குச் சேர்க்க வேண்டாம். ஓரமாக நிற்கட்டும். நீங்கள் சேருங்கள். அம்மா வெள்ளை டிரெஸ் போட்டுக்கொண்டு தப்பும் தவறுமாகக் குத்துவதைச் சில வாரம் பார்த்தால் அவளே வந்து பக்கத்தில் நிற்க வாய்ப்பு இருக்கிறது. வரவில்லை என்றால் விட்டுவிடுங்கள், அடுத்த வருடம் பார்க்கலாம். பையனைப் பற்றி மாஸ்டரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். டைரியில் மிஸ் எழுதியதைக் காட்டினாலும் தப்பில்லை. சொன்னதைக் கேட்டு அவர் என்ன செய்கிறார் என்று முதல் மாதம் கவனியுங்கள். வீட்டுக்காரருக்கு இப்போதைக்குப் பேட் பிடிக்கிற வேலை கொடுங்கள், அதற்கு ஃபீஸ் இல்லை. பையன் நாலு அடி அடித்தாலே அவருக்குத் தோள் வலிக்கும். அப்புறம் தானாகவே கிளாஸ் நேரம் விசாரிப்பார்.

டிரெஸ். வளர்கிற பிள்ளை என்று இரண்டு சைஸ் பெரிதாக எடுக்காதீர்கள், பேன்ட் காலில் தடுக்கி சிமென்டில் விழுவான். ஒரு சைஸ் பெரிது போதும், பேன்ட்டையும் கையையும் உள்ளே மடித்துத் தைத்துவிடுங்கள். முழுப் பருத்தி என்றால் முதல் சலவையிலேயே சுருங்கும், அதற்கும் சேர்த்துத்தான் அந்த ஒரு சைஸ். உங்களுக்கு எடுக்கும்போது உள்ளே போட ஒரு டீ-ஷர்ட்டும் சேர்த்து எடுங்கள், குனியும்போது மேல்சட்டை விலகும். மஞ்சள் பெல்ட் வந்த பிறகு அதை வெள்ளை டிரெஸ்ஸோடு சேர்த்து மிஷினில் போட்டுவிடாதீர்கள், சாயம் ஒட்டும்.